சொன்னதை மறக்கும் மேலதிகாரியிடம் வேலை பார்ப்பது எப்படி?

கேள்வி இது: மேலதிகாரி போன வாரம் சொன்ன வேலையை முடித்துக் கொண்டுபோனால், "இதை யார் செய்யச் சொன்னது?" என்கிறார். கையில் கொடுத்த ஃபைல் வரவே இல்லை என்கிறார். சரி என்று தலையாட்டிய லீவு, அந்த நாள் வந்ததும் அவருக்குப் புதுச் செய்தி. தாமதம் ஆனால் பழி கீழே இருப்பவர் மேல். சண்டை இல்லாமல், வேலையையும் விடாமல் இதை எப்படிச் சமாளிப்பது?

முதலில், அவருடைய ஞாபகசக்தியைச் சரிசெய்ய முயல வேண்டாம். அது உங்களால் ஆகாது. பத்து முறை சொன்னால் பதினோராவது முறை நினைவிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் வருடக்கணக்கில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்களால் ஆகக்கூடியது வேறு. ஒவ்வொரு முடிவையும் அவர் தலைக்கு வெளியே எடுத்து, அவர் கண்ணில் படும் ஓரிடத்தில், சூட்டோடு சூடாக எழுதி வைத்துவிடலாம். கீழே சொல்வதெல்லாம் அதைச் செய்யும் வழிகள்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் கணக்கெடுங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தால் போதும்: தேதியும் நேரமும், எங்கே எப்படிப் பேசியது, என்ன விஷயம், கடைசியில் என்ன ஆனது. அவர் மறக்காமல் செய்தவற்றையும் இதில் எழுத வேண்டும். மறந்தவற்றை மட்டும் எழுதினால் அது குற்றப்பட்டியல் ஆகிவிடும். இரண்டையும் எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்ததும் ஏதோ ஒரு சாயல் பிடிபடும். மெயிலில் போனதெல்லாம் நடந்திருக்கும், நடைவழியில் சொன்னதெல்லாம் தொலைந்திருக்கும். அல்லது காலையில் பேசியது நிற்கும், மாலையில் பேசியது நிற்காது. அல்லது முடிவு நினைவிருக்கும், தேதி மட்டும் தவறும். அல்லது அவருக்குச் செலவு வைக்கும் வாக்குறுதிகள் மட்டும் மறந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே மறதிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மிகப் பரவலான வகை, மனதில் ஏறவே ஏறாதது. இதை மறதி என்பதே தவறு. பதியாத ஒன்றை எப்படி மறப்பது? மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை சுமார் நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். மேலதிகாரி ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வரும்போது அந்த நான்கு இடமும் நிரம்பியிருக்கும். பாதியில் விட்ட வேலை அடுத்த வேலையின் கவனத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் சோதனைகளில் காட்டியிருக்கிறார். கதவைத் திறந்து வருகிறவரை வழிமறித்து நீங்கள் சொல்வது, நிறைந்த குடத்தில் ஊற்றும் தண்ணீர். அவர் "ம், சரி, பண்ணிடலாம்" என்பார். அந்த "ம்" வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே முக்கியமான எதையும் நடைவழியில், லிஃப்டில், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். அந்த இடங்களில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "சார், ஒரு முடிவு வேணும், ரெண்டு நிமிஷம் போதும், எப்ப வரட்டும்?" அவர் உட்கார்ந்திருக்கும்போது போய், முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னணிக் கதையில் ஆரம்பித்தால், முடிவு கேட்கும் இடம் வருவதற்குள் அவர் கவனம் தீர்ந்துவிடும். ஒரு முறைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு நுட்பம் உண்டு. தானே யோசித்துச் சொன்ன சொல் வாசித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்பதை ஸ்லமெக்கா, கிராஃப் என்ற உளவியலாளர்கள் இருவர் 1978இல் சோதனையில் நிறுவினார்கள். எனவே முடிவை அவர் வாயால் வரவழையுங்கள். "புரிஞ்சுதா சார்?" என்று கேட்டால் தலையசைப்புதான் கிடைக்கும். அவரைச் சோதிப்பது போலவும் இருக்கும். அதற்குப் பதிலாக, யோசித்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த ரெண்டுல எதை முதல்ல முடிக்கட்டும்?", "இதை யார்கிட்ட காட்டிட்டு அனுப்பணும்?", "வியாழனா, வெள்ளியா?" ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்ததும் விஷயம் மனதில் பதியும். "வியாழன்" என்று சொன்னவர் அவரே என்பதால் பிறகு நினைவுபடுத்துவதும் எளிது.

இதோடு ஒன்றைக் கவனியுங்கள். சில மேலதிகாரிகள் மறப்பதில்லை, அவர்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இரைச்சலான இடத்தில் சொன்னவை, முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னவை, போனில் சொன்னவை மட்டும் தவறுகின்றனவா என்று உங்கள் நோட்டைப் பாருங்கள். அப்படியென்றால் எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, கொஞ்சம் நிதானமாகப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது வகையில் முடிவு நினைவிருக்கும், செய்ய வேண்டிய நேரத்தில் மட்டும் ஞாபகம் வராது. கையெழுத்து, ஒப்புதல், மேலிடத்தில் பேசுவதாகச் சொன்ன பேச்சு எல்லாம் இதில் அடங்கும். கேட்டால் "அய்யோ, ஆமா!" என்பார், கேட்காவிட்டால் வராது. நடந்ததை நினைவில் வைத்திருப்பது ஒன்று, நடக்க வேண்டியதை உரிய நேரத்தில் நினைப்பது வேறு. நேரம் தானாக யாரையும் தட்டி எழுப்புவதில்லை. கண்ணெதிரே நடக்கும் ஒரு காரியம் எழுப்பும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்ட திட்டங்கள், வெறும் "செய்வேன்" என்பதைவிட அதிகம் நிறைவேறுகின்றன.

எனவே "இந்த வாரத்துக்குள் கையெழுத்து வேண்டும்" என்று கேட்காதீர்கள். "புதன்கிழமை குழு மீட்டிங் முடிஞ்சதும் உங்க மேசைக்குக் கொண்டுவரேன், அங்கேயே கையெழுத்துப் போட்டுடலாம்" என்று, நடக்கப்போகிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். அவருடைய கணினி நாட்காட்டியில் 15 நிமிடச் சந்திப்பு அழைப்பு ஒன்றைப் போட்டு, வேண்டிய ஃபைலை அந்த அழைப்பிலேயே இணைத்துவிடுங்கள். நினைவூட்டல் மணி அடிக்கும்போது ஃபைல் கையில் இல்லாவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மணியை அணைத்துவிடுவார், அதோடு போயிற்று. நினைவூட்டலும் செய்ய வேண்டிய பொருளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மெயிலிலும் இப்படித்தான். "முன்பு அனுப்பியதைப் பார்க்கவும்" என்று எழுதினால் அவர் தேடப் போய் வேறு மெயிலில் மாட்டிக்கொள்வார். பழைய மெயிலுக்கே பதிலாக எழுதி, ஃபைலை மறுபடி இணைத்து அனுப்புங்கள்.

எத்தனை முறை நினைவுபடுத்தலாம்? வெள்ளி மாலை ஒரு காரியம் வெளியே போக வேண்டும் என்றால், அவரிடம் சொல்லும் கெடு புதன் மாலை. இரண்டு வேலை நாள் இடைவெளி இல்லாமல் இப்படிப்பட்டவரிடம் எந்தத் தேதியையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். திங்கள் காலை ஃபைலோடு முதல் மெயில். செவ்வாய் மாலை ஒரே வரி: "நாளை மாலைக்குள் உங்கள் ஒப்புதல் வந்தால் வெள்ளி அனுப்பிவிடலாம்." புதன் வரவில்லையா, வியாழன் காலை 11 மணிக்கு அச்செடுத்த தாளோடு நேரில் போய் நில்லுங்கள். மூன்றாவது முறையும் மெயிலே அனுப்புவது வீண். முதல் இரண்டு எங்கே புதைந்தனவோ அங்கேயே அதுவும் புதையும். வழியை மாற்ற வேண்டும். அந்த மூன்றாவது முறையில் "ஏற்கனவே ரெண்டு தடவை சொன்னேன்" என்ற வார்த்தை வேண்டாம். தாமதமானால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "இன்னைக்கு மதியத்துக்குள்ள கிடைக்கலைன்னா வண்டி திங்கள்தான்."

உங்கள் பொறுப்புக்குள் அடங்கிய சின்ன முடிவுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: "வியாழன் 4 மணிக்குள் மாற்றம் சொல்லாவிட்டால் இந்த வடிவத்தையே அனுப்பிவிடுகிறேன்." நிறைய நேரம் மிச்சமாகும். ஆனால் பணம், ஆள் எடுப்பது, ஒப்பந்தம், சட்டப்படி கையெழுத்து தேவைப்படும் எதிலும் இதைச் செய்யக் கூடாது. அங்கே அவருடைய மௌனம் சம்மதம் ஆகாது. பின்னால் கேள்வி வந்தால் மாட்டுவது நீங்கள்தான். சின்ன விஷயத்திலும் முதல் முறை இப்படிச் செய்வதற்கு முன், "இந்த மாதிரி வேலைகளுக்கு இப்படிப் போகலாமா?" என்று ஒரு தடவை கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகைதான் உறவைக் கெடுப்பது. அவருக்கு நினைவிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வார். உடனே மனம் "பொய் சொல்கிறார்" என்று முடிவு கட்டும். அவசரப்பட வேண்டாம். ரோடிகர், மெக்டெர்மட் என்ற உளவியலாளர்கள் 1995இல் செய்த சோதனையில் படுக்கை, ஓய்வு, விழிப்பு என்பது போன்ற சொற்களை வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்களில் பலர், பட்டியலில் இல்லாத "தூக்கம்" என்ற சொல்லையும் கேட்டதாக உறுதியாகச் சொன்னார்கள். நினைவு என்பது ஒலிப்பதிவு அல்ல. ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. அவருடையது மட்டுமல்ல, உங்களுடையதும்தான். ஆகவே "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்பதை வாதமாக வைக்காதீர்கள். எழுத்து ஒன்றுதான் இங்கே பேசும்.

எவ்வளவு சீக்கிரம் எழுத வேண்டும்? ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட கணக்கு இன்றும் உதவுகிறது. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். மறுபடி கற்கும்போது மிச்சமான உழைப்பை வைத்துப் பார்த்தால், 20 நிமிடத்தில் எஞ்சியது சுமார் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. அலுவலகப் பேச்சு பொருளற்ற அசை அல்ல, அதனால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தச் சரிவின் போக்கு முக்கியம்: பெரும் இழப்பு முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. எனவே பேசிவிட்டு வந்த 15 நிமிடத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதலாம் என்று வைத்தால், நீங்களே பாதியை மாற்றி எழுதுவீர்கள்.

அந்த மெயில் இப்படி இருந்தால் போதும்:

"தலைப்பு: கையேடு அச்சு, 500 பிரதி, முடிவு, மார்ச் 12

சார், இன்று 11 மணிக்குப் பேசியதில் நான் புரிந்துகொண்டது:
அச்சிட வேண்டியது 500 பிரதி. அட்டை, இரண்டாவது மாதிரி.
வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்கு ஃபைல் அனுப்புகிறேன்.
உங்களிடமிருந்து வேண்டியது: பின் அட்டை வாசகம், வியாழன் மதியம் 12 மணிக்குள்.
மாற்றம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. தலைப்பிலேயே முடிவும் தேதியும் இருப்பதால் மெயிலைத் திறக்காமலே தெரியும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். "நீங்கள் சொன்னது" என்று எழுதாமல் "நான் புரிந்துகொண்டது" என்று எழுதியதால், பின்னால் தவறு என்றால் திருத்திக்கொள்ள அவருக்கு இடம் இருக்கிறது. தன்னை மாட்டிவிட எழுதினார்கள் என்று தோன்றாது. அவர் செய்ய வேண்டியது தனி வரியில், நாளும் மணியும் சேர்த்து நிற்கிறது. ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். மூன்று விஷயத்தை ஒரே மெயிலில் போட்டால் முதலாவதற்குப் பதில் வரும், மற்ற இரண்டும் காற்றில் போகும். இதே விஷயத்தில் அடுத்து எது நடந்தாலும் இதே மெயில் தொடரிலேயே எழுதுங்கள்; புதுத் தலைப்பில் தொடங்கினால் வரலாறு அறுந்துவிடும்.

மேலிடத்துக்கு நகல் போடுவது பலர் செய்யும் தவறு. அந்த நாளிலிருந்து அவர் உங்களை வேலையாளாகப் பார்க்க மாட்டார், சாட்சியாகப் பார்ப்பார். பேச்சைக் குறைப்பார், வாய்வழி உத்தரவு கூடும், எழுத்து குறையும். தொடர்புடையவர்களுக்கு மட்டும் நகல் போதும்.

அவர் வாட்ஸாப்பில்தான் பதில் சொல்வார் என்றால் அங்கேயே எழுதுங்கள், தவறில்லை. ஆனால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறையும் செய்தி வசதி இயங்கினால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் எல்லாம் அழிந்துவிடும். அந்த அரட்டையில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், சுமார் இரண்டரை நாள் வரை இரு பக்கமும் அழிக்கலாம். குரல் பதிவில் வந்த உத்தரவைத் தேடி எடுப்பது பெரும் பாடு, கேட்டதும் அதன் கீழேயே இரண்டு வரியில் எழுத்தாக்கி, "இதுதானே சார்?" என்று கேட்டுவிடுங்கள். நிலுவையில் இருக்கும் முடிவை அரட்டையின் மேலே 30 நாள் வரை பின் (pin) செய்து வைக்கலாம். கடைசி முடிவு மட்டும் மெயிலுக்குப் போகட்டும்.

சரி, எழுதியும் வைத்தாயிற்று. 500 கையேடு அச்சாகி வந்து நிற்கிறது. பத்துப் பேர் நடுவில் அவர் கேட்கிறார்: "ஐநூறா? நான் ஆயிரம்னுல்ல சொன்னேன்?" இந்த அரை நிமிடத்தில்தான் எல்லாம் கெடுவதும் நிற்பதும். போனை எடுத்து மெயிலை நீட்டினால் வாதத்தில் ஜெயிப்பீர்கள், ஆளை இழப்பீர்கள். அங்கே சொல்ல வேண்டியது முன்னால் இருக்கும் வேலையைப் பற்றி மட்டும்: "இன்னும் ஐநூறு வேணும்னா இன்னைக்கே கேட்டுச் சொல்றேன் சார், எத்தனை நாள் ஆகும்னு பார்க்கறேன்." கூட்டம் கலைந்து அவர் தனியாக இருக்கும்போது அந்தத் தொடரைத் திறந்து காட்டுங்கள்: "அன்னைக்குப் பேசிட்டு இப்படி எழுதி அனுப்பியிருந்தேன் சார். நான் தப்பாப் புரிஞ்சிருந்தா இனிமே இந்த மெயிலைப் பார்த்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நிறுத்திடறேன்." பெரும்பாலானோர் அந்த இடத்தில் "அட, ஆமால்ல" என்பார்கள். அப்போது வெற்றிச் சிரிப்பு வேண்டாம். கூடுதல் அச்சுக்கு ஆகும் செலவையும் நாளையும் அதே தொடரில் எழுதி, அவர் ஒப்புதலை வாங்கிவிட்டு நகருங்கள். மறதிக்கு என்ன விலை என்பது எழுத்தில் நின்றால் போதும், உங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை. பொதுவில் முகம் தப்பிய ஆள் அடுத்த முறை உங்கள் மெயிலை அக்கறையாகப் படிப்பார்.

மெயில்கள் ஒவ்வொரு விஷயத்தையும் பிடித்து வைக்கும். மொத்தப் படத்தைப் பிடிக்க ஒரு தாள் வேண்டும். நிலுவைத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம், பத்து வரிக்கு மிகாமல், நான்கு பத்தி: விஷயம், அடுத்து நடக்க வேண்டியது, யார் கையில், எந்தத் தேதிக்குள். அவர் கையில் நிற்பவை மேலே, உங்கள் கையில் இருப்பவை கீழே. "விலைப்பட்டியல், பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அவர் ஒன்றும் செய்ய மாட்டார், ஏனெனில் என்ன பார்ப்பது என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். "விலைப்பட்டியல், 3ஆம் வரிசை விலைக்குச் சம்மதமா இல்லையா, உங்கள் கையில், செவ்வாய் 5 மணி" என்று எழுதினால் உட்கார்ந்த இடத்தில் பதில் வந்துவிடும். பேனாவால் ஒரு குறி போட்டு முடிக்கக்கூடிய அளவுக்கு ஒவ்வொரு வரியையும் நறுக்கி வையுங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், 15 நிமிடம் இந்தத் தாளோடு உட்காருங்கள். நேரம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சந்திப்பையே அவர் மறப்பார். தினமும் காலையில் "இன்று உங்களிடமிருந்து வேண்டியவை" என்று மூன்று வரிக்கு மிகாமல் ஒரு செய்தி. திரையில் படிக்காதவர் என்றால் 14 பாயின்ட் அளவு எழுத்தில் அச்செடுத்து மேசையில் வையுங்கள். உங்களுக்கு எது வசதி என்பது இங்கே கணக்கில்லை, அவர் கண் எங்கே போகிறதோ அங்கே தாள் இருக்க வேண்டும். இரண்டு பிரதி மட்டும் ஓடக் கூடாது. ஒன்று அவர் கையில் பழையது, ஒன்று உங்கள் கணினியில் புதியது என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். தாளின் தலையில் தேதி போட்டு, புதியதை வைக்கும்போது பழையதை எடுத்துவிடுங்கள்.

ஃபைல் தொலையும் பிரச்சினைக்கும் இரண்டு வார்த்தை. மூலப் பிரதியை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுங்கள், அல்லது கையெழுத்து வாங்கியதும் கையோடு எடுத்து வாருங்கள். கொடுப்பது எப்போதும் ஒரே தட்டில். கணினி ஃபைல்களின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாக வரிசையில் நிற்கும். "இறுதி", "புது இறுதி", "கடைசி இறுதி" என்ற பெயர்கள் அவரையும் குழப்பும், உங்களையும் குழப்பும்.

உங்கள் சொந்த விஷயங்களை அவர் மறப்பதுதான் உண்மையில் வலிப்பது. லீவுக்கு வாய்மொழிச் சம்மதத்தை நம்பாதீர்கள். முறைப்படி விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கி, ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும், "நாளை நான் இல்லை, இன்ன வேலையை இன்னார் பார்க்கிறார்" என்று எழுதுங்கள். சம்பள உயர்வு, பதவி உயர்வு பற்றிய வாக்குறுதி என்றால் அன்றே எழுத வேண்டும்: எவ்வளவு, எந்த மாதம் முதல், என்ன நிபந்தனை, அவர் யாரிடம் பேசுவதாகச் சொன்னார். "பார்த்துக்கலாம்" என்பது வாக்குறுதி அல்ல, "எப்ப மறுபடி இதைப் பேசலாம் சார்?" என்று தேதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மதிப்பீட்டு நேரத்தில் எந்த மேலதிகாரிக்கும் கடைசிச் சில வாரங்கள்தான் பளிச்சென்று தெரியும். மறதிக்காரருக்கு அதுவும் தெரியாது. மாதக் கடைசியில் அரைப் பக்கம் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள்: முடித்தவை, அதனால் மிச்சமான நேரம் அல்லது பணம், பாராட்டி வந்த மெயில். ஆண்டு முடிவில் பன்னிரண்டு அரைப் பக்கம் சேர்ந்திருக்கும். அவரும் அதை வைத்துத்தான் உங்களைப் பற்றி எழுதுவார், ஏனெனில் வேறு எதுவும் அவர் கையில் இருக்காது.

இனி, மறதி போலத் தெரிந்தாலும் மறதி அல்லாதது. ஒரே விஷயம் நான்கு முறை "மறந்துபோனது" என்றால், அவர் மறுப்பைச் சொல்லத் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது நினைவூட்டல் அனுப்பாமல் கதவைத் திறந்து விடுங்கள்: "இதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாமா சார், இல்லை விட்டுடலாமா?" நிம்மதியாக உண்மையைச் சொல்லிவிடுவார். இன்னொரு வகை, உங்கள் பிழைகளை நாள் கிழமையோடு நினைவில் வைத்திருந்து, தன் உத்தரவுகளை மட்டும் மறப்பவர். எழுத்தில் கேட்டால் பதிலை எப்போதும் வாயால் மட்டும் தருவார். இங்கே நல்லெண்ணம் உதவாது, பதிவுதான் உதவும். ஆனால் அலுவலக ஆவணங்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிச் சேர்க்காதீர்கள். பல இடங்களில் அதுவே விதிமீறல். அவருக்குத் தெரியாமல் பேச்சை ஒலிப்பதிவு செய்வதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். தேதி போட்ட உங்கள் குறிப்பு நோட்டும் அலுவலக மெயில் தொடரும் போதும். மேலே முறையிட வேண்டி வந்தால் "அவர் மறக்கிறார்" என்று ஆளைப் பற்றிச் சொல்லாதீர்கள். மூன்று சம்பவம், தேதி, ஒவ்வொன்றிலும் ஆன இழப்பு, நீங்கள் கேட்கும் மாற்றம் என்று ஒரு பக்கத்தில் கொடுங்கள். "எல்லா ஒப்புதலும் எழுத்தில் வர வேண்டும்" என்பது போன்ற, செய்யக்கூடிய கோரிக்கையாக இருக்கட்டும்.

கடைசி வகையில் கரிசனம் தேவை. எப்போதும் கொஞ்சம் மறதி உள்ளவர் என்பது வேறு. சில மாதங்களுக்குள் ஆளே மாறிப்போவது வேறு. ஒரே மணி நேரத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பல வருடம் செய்த வேலையின் படிகளில் தடுமாறுவது, கணக்கில் புதுப் பிழைகள் வருவது இதற்கு அடையாளம். சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு: தூக்கமின்மை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, தைராய்டு சுரப்பு குறைவது, பி12 வைட்டமின் பற்றாக்குறை, தூக்கம் வரவழைக்கும் சில ஒவ்வாமை மாத்திரைகள். நோய்ப் பெயர் சொல்வது உங்கள் வேலை இல்லை, அதை அலுவலகத்தில் பேசுவது கொடுமை. நெருக்கமானவர் ஒருவர், தனியாக, கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லலாம்: "கொஞ்ச நாளா ரொம்பக் களைப்பாத் தெரியறீங்க சார், ஒரு டாக்டரைப் பார்த்துட்டா நல்லது." திடீரென்று, நிமிடங்களில், பேச்சு குழறி, முகம் ஒரு பக்கம் கோணி, குழப்பமாகப் பேசினால் அது மறதியே அல்ல, பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் உங்கள் நேரத்தில் எவ்வளவு தின்கிறது என்பதையும் கணக்கிடுங்கள். உறுதி மெயிலுக்கு இரண்டு மூன்று நிமிடம், காலைச் செய்திக்கு ஐந்து, வாரத் தாளுக்கு அரை மணி. தினமும் அரை மணிக்கு மேல் போகிறது என்றால் நீங்கள் அவருடைய உதவியாளர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்று பொருள். அதை அவரிடமே வேலைப் பங்கீடாகப் பேச வேண்டும்: மீட்டிங் முடிவுகளை எழுதுவதைக் குழுவில் முறைவைத்துப் பிரிக்கலாம், நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் நிலை வந்தால், நீங்கள் லீவு போடும் வாரத்தில் எல்லாம் சரியும். லீவே கிடைக்காமலும் போகும். எனவே நிலுவைத் தாள் பொது இடத்தில் இருக்கட்டும். லீவுக்கு இரண்டு நாள் முன்பு, அதை நடத்தப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு அந்த 15 நிமிடச் சந்திப்புக்குப் போங்கள். அடுத்த வாரம் தாளோடு வரப்போகிற முகத்தை மேலதிகாரி அங்கேயே ஒரு தடவை பார்த்துவிடட்டும்.